ஈ.பி.க்காரங்க குடித்த டீ

கோவையில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிளாக, அதாவது பயிற்சி மாணவனாக, இருந்த நாட்களில், மோட்டார் பம்பு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்குத் தணிக்கைக்குப் போவேன். கம்ப்யூட்டர் எல்லாம் அப்போது இல்லை. மாதவாரியாகத் துளை போட்டு நூலில் கட்டிய வவுச்சர் கட்டுகள், பச்சைப் பென்சில், ஒரு மேசை ஃபேன். ஒவ்வொரு வவுச்சரையும் புரட்டி, கேஷ் புக்கில் இருக்கும் தொகையோடு சரிபார்த்து, டிக் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு டிக். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யக்கூடிய வேலை.

அன்றைக்குக் கழற்றி வைக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வவுச்சரில் 'டீ செலவு – ரூ. 6,400' என்று இருந்தது. அப்போது டீ இரண்டு ரூபாய். கம்பெனியில் மொத்தமே நாற்பது பேர்.

கேஷியர் அய்யாவிடம் போய், "ஏனுங்கய்யா, ஒரே நாள்ல மூவாயிரத்து இருநூறு டீ யாருங்க குடிச்சது?" என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அது ஈ.பி.க்காரங்க குடிச்ச டீ கண்ணு. டிக் போட்டுட்டு அடுத்ததப் பாரு" என்றார்.

டிக் போட்டேன். சாயங்காலம் ஆடிட்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஒரே வவுச்சரா போட வேண்டாம், நாலாப் பிரிச்சுப் போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். தணிக்கை முடிந்தது.

லஞ்சம் என்றதும் எல்லோருக்கும் கொடுப்பவரும் வாங்குபவரும்தான் கண்ணில் படுவார்கள். எனக்கு அன்றிலிருந்து மூன்றாவது ஆள் ஒருவர் மேல்தான் கண். கொடுத்த காசுக்குப் பெயர் வைப்பவர். கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போனாலும் அதற்கு ஒரு தலைப்பு வேண்டும். 'லஞ்சம்' என்று ஒரு தலைப்பு உலகத்தில் எந்த லெட்ஜரிலும் கிடையாது. ஆகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் யோசித்தாக வேண்டும். நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை: கவனிப்பு, அன்பளிப்பு, கட்டிங், கிம்பளம், மாமூல். இதில் மாமூல் அரபியிலிருந்து உருதுவழியாக வந்த சொல், 'வழக்கமானது' என்று பொருள். எத்தனை நிதானமான சொல் பாருங்கள்.

ஆனால் இந்தப் பெயர் சூட்டு விழாவைக் கேஷியர் அய்யா கனவிலும் காணாத அளவுக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் பெரிய பொறியியல் கம்பெனி சீமென்ஸ். அந்தக் கம்பெனியின் லஞ்ச வழக்கு ஆவணங்களை நான் பல வருடங்களாக, சிலர் துப்பறியும் நாவல் படிப்பதைப் போல, திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

2006 நவம்பர் 15 அன்று காலையில் ஜெர்மன் போலீசார் இருநூறு பேருக்கு மேல் மியூனிக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் சீமென்ஸ் அலுவலகங்களிலும் அதிகாரிகளின் வீடுகளிலும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். அவர்கள் தேடிப் போனவர்களில் ஒருவர் ரைன்ஹார்ட் சீகாச்செக். தொலைத்தொடர்புப் பிரிவில் கணக்குப் பார்த்தவர். அவர் கையில் வருடத்துக்கு நாலு, ஐந்து கோடி டாலர் அளவில் ஒரு பட்ஜெட் இருந்தது. ஆமாம், பட்ஜெட். மார்க்கெட்டிங்குக்கு ஒரு பட்ஜெட், பயணத்துக்கு ஒரு பட்ஜெட் என்பதைப் போல லஞ்சத்துக்கும் ஒன்று. விற்பனைப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்து இந்த நாட்டுக்கு இவ்வளவு வேண்டும் என்பார்கள். இவர் ஆலோசகர் ஒப்பந்தம், வெளிநாட்டு வங்கிக் கணக்கு என்று வழி பண்ணிக் கொடுப்பார். ஆஸ்திரியா, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து என்று கணக்குகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆள் நேர்மையானவர் என்று பெயரெடுத்ததால்தான் இந்த வேலை அவரிடம் போனது. இது ஜோக் இல்லை. கள்ளக் கணக்கை நல்லவரிடம்தான் கொடுக்க முடியும். மற்றவரிடம் கொடுத்தால் நடுவில் சாப்பிட்டுவிடுவார்.

அந்தப் பணத்துக்கு அங்கே வைத்த பெயர் 'நியூட்ஸ்லிஷே ஆஃப்வென்டுங்கன்'. பயனுள்ள செலவுகள். ஜெர்மன் கணக்கர்கள் இதை ரகசியச் சங்கேதமாகப் பயன்படுத்தவில்லை. அது வரித்துறை வட்டாரத்தில் புழங்கிய சொல். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுக்கும் லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற ஜெர்மன் சட்டம் 1999 வரை இடம் கொடுத்தது. உள்நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் ஜெயில், வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் வரி விலக்கு! வேறு பல ஐரோப்பிய நாடுகளிலும் இதே கதைதான்.

1999-க்குப் பிறகு சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் கோர்ட்டில் கொடுத்த மனுவில் உள்ள சில விவரங்களைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் ரொக்கம் கொடுக்கும் 'கேஷ் டெஸ்க்'குகள் இருந்தன. ஊழியர் காலிப் பெட்டியோடு போய், பத்து லட்சம் யூரோ வரை நிரப்பிக்கொண்டு வரலாம். எத்தனை சதவீதம் கொடுப்பது என்பதை 'மேக் ப்ராஃபிட்' என்ற இரண்டு சொற்களின் பத்து ஆங்கில எழுத்துகளை வைத்துக் குறித்தார்கள்: முதல் எழுத்து எம் என்றால் 1, அடுத்த ஏ என்றால் 2, ஐந்தாவதான பி என்றால் 5, இப்படியே கடைசி டி-க்கு 0. 'இதை ஏ-பி-பி ஃபைலில் வை' என்று ஒரு குறிப்பு வந்தால், பார்ப்பவருக்கு ஃபைல் பெயர். விஷயம் தெரிந்தவருக்கு 2.55 சதவீதம்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது மஞ்சள் நிற ஒட்டுக் காகிதம். நாம் ஃப்ரிட்ஜ் கதவில் 'பால்காரருக்கு 200 பாக்கி' என்று எழுதி ஒட்டுவோமே, அதுதான். கம்பெனி விதிப்படி எந்தச் செலவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். லஞ்சம் கொடுத்தாலும் விதியை மீற முடியாதே, ஜெர்மன் கம்பெனி ஆயிற்றே. அதனால் கையெழுத்தை ஒட்டுக் காகிதத்தில் போட்டு, ஒப்புதல் தாள் மேல் ஒட்டினார்கள். பணம் போன பிறகு காகிதத்தை உரித்துவிடலாம். தாள் இருக்கும், கையெழுத்து இருக்காது. வவுச்சரை நாலாகப் பிரிக்கச் சொன்ன என் ஆடிட்டர் இதைக் கேள்விப்பட்டிருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

2001 மார்ச்சிலிருந்து 2007 செப்டம்பர் வரை வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் குறைந்தது 4,283 தடவை, மொத்தம் சுமார் 140 கோடி டாலர் போயிருக்கிறது என்று அந்த ஆணையம் கணக்கிட்டது. அர்ஜென்டினாவில் அடையாள அட்டைத் திட்டம், வெனிசுலாவில் மெட்ரோ ரயில், பங்களாதேஷில் அரசு மொபைல் நெட்வொர்க், சீனாவில் மின்பாதைகள் என்று பட்டியல் நீள்கிறது. 2008 டிசம்பர் 15 அன்று வாஷிங்டன் கோர்ட்டில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாகச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் அபராதம்.

எந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்பதுதான் விஷயம். தாய்க் கம்பெனியின் மேல் இருந்த குற்றச்சாட்டு லஞ்சம் கொடுத்தது அல்ல. கணக்கைப் பொய்யாக எழுதியது, உள்கட்டுப்பாடு வைக்கத் தவறியது. பொதுத்துறை டெண்டர்களிலிருந்து கம்பெனியை விலக்கி வைக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் உண்டு. ஆனாலும் என்னைப் போன்ற ஆளுக்கு அதில் ஒரு விநோதமான திருப்தி. கடைசியில் மாட்டிக்கொடுத்தது பெயர்தானே.

சீகாச்செக்குக்கு மியூனிக் நீதிமன்றம் இரண்டு வருட நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 1,08,000 யூரோ அபராதமும் விதித்தது. அவர் விசாரணைக்கு முழுசாக ஒத்துழைத்தவர், தனக்காகக் காசு எடுத்ததாகவும் தெரியவில்லை. கம்பெனிக்காகச் செய்தேன் என்பதுதான் அவர் நிலைப்பாடு. சரி, இன்னொரு விஷயம். தண்டனைக்குப் பிறகு கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் தியோ வைகல். 1989 முதல் 1998 வரை ஜெர்மனியின் நிதியமைச்சர். அதாவது, லஞ்சத்தை வரியில் கழித்துக்கொள்ள முடிந்த காலத்தில் அந்த வரித்துறைக்கே தலைவர். இதை யாரும் நக்கலுக்காகச் செய்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மன் கம்பெனி ஜெர்மனியில் வைத்துச் செய்த காரியத்துக்கு வாஷிங்டனில் ஏன் வழக்கு? 2001 மார்ச் 12-ல் சீமென்ஸ் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அமெரிக்காவின் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் அதன்மேல் பாய முடிந்தது. அந்தச் சட்டம் வந்த கதையிலும் ஒரு பெயர் சூட்டு விழா உண்டு, கடலைக்காயோடு.

1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று, செனட்டர் ஃப்ராங்க் சர்ச் தலைமையில், லாக்ஹீட் விமானக் கம்பெனியின் உயர்மட்ட அதிகாரி கார்ல் காட்சியனை விசாரித்தது. ட்ரைஸ்டார் விமானங்களை ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸுக்கு விற்க, ஜப்பானில் ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல் கொட்டியிருந்தார்கள். அதில் 50 கோடி யென், விற்பனை நடந்தபோது பிரதமராக இருந்த காகுயேய் தனாகாவுக்குப் போனது. மருபேனி என்ற வர்த்தக நிறுவனம் வழியாக, அட்டைப்பெட்டிகளில், நான்கு தவணையாக.

அந்த நான்கு தவணைக்கும் ரசீது உண்டு! லஞ்சத்துக்கு ரசீது கேட்டு வாங்கிய கணக்குப்பிள்ளை யாராக இருந்தாலும் அவரை எனக்குப் பிடிக்கும். ஒன்றில் 'நூறு கடலைக்காய் பெற்றுக்கொண்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி மருபேனி அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற மூன்றில் கடலைக்காய் போய் 'பீஸ்' வந்துவிட்டது: 150, 125, 125. கூட்டிப் பாருங்கள், 500. ஒரு கடலைக்காய்க்குப் பத்து லட்சம் யென். கணக்கு துல்லியமாக இடிக்காமல் வருகிறது. தனாகா 1976 ஜூலை 27 அன்று கைதானார், 1983-ல் நான்கு வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு முடிவதற்குள் 1993-ல் இறந்தும் போனார். கைதான பிறகும் பல வருடங்கள் அவர் அரசியல் செல்வாக்கு பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பது தனிக்கதை. நமக்கு அது புதிதும் இல்லை.

காட்சியனை அமெரிக்காவில் எந்தச் சட்டத்தின் கீழும் லஞ்சத்துக்காகப் பிடிக்க முடியவில்லை. வெளிநாட்டுக்காரருக்கு லஞ்சம் கொடுப்பது அப்போது அங்கே குற்றமே இல்லை. ஆனால் பங்குதாரர்களிடம் பொய்க் கணக்கு காட்டியது தப்பு. அந்த நூலைப் பிடித்து இழுத்தபோது நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகள், நாங்களும் இப்படிக் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டன; மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல். 1977 டிசம்பர் 19-ல் ஜிம்மி கார்ட்டர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் இரண்டு பாகம். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்காதே என்பது ஒன்று. கணக்கை உள்ளது உள்ளபடி எழுது என்பது இன்னொன்று. வக்கீல்கள் முதல் பாகத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் லஞ்சத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது குதிரைக்கொம்பு; பொய் வவுச்சர் அப்படியில்லை, அது ஃபைலிலேயே உட்கார்ந்திருக்கும்.

இந்தியாவுக்கு வருவோம். 2019 ஜூனில் வால்மார்ட் அமெரிக்க அரசோடு 28 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஒரு சமரசம் செய்துகொண்டது. அதில் மெக்சிகோ, பிரேசில், சீனா, இந்தியா எல்லாம் வரும். பிரேசிலில் பர்மிட்டுகளைச் சட்டென்று வாங்கித் தந்த இடைத்தரகப் பெண்ணுக்கு அலுவலகத்துக்குள் 'சூனியக்காரி' என்று பட்டப்பெயர். இந்தியாவில் 2009 முதல் 2011 வரை கடை லைசென்சுகளுக்காக இடைத்தரகர்கள் அதிகாரிகளுக்குக் கொடுத்த பணம் வால்மார்ட்டின் இந்தியக் கூட்டு நிறுவனத்தின் கணக்கில் என்ன பெயரில் ஏறியது தெரியுமா? 'மிசலேனியஸ்', 'புரொஃபஷனல் ஃபீஸ்', 'இன்சிடென்டல்', 'கவர்ன்மென்ட் ஃபீ'. இதைப் படித்தபோது வெற்றிலை வாசனையே வந்துவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரரும் எங்கள் கேஷியர் அய்யாவும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும், டீ செலவில் இருந்த கற்பனை இதில் இல்லை.

அப்புறம் நம் சென்னை. காக்னிசன்ட் நியூஜெர்சியில் தலைமையகம் வைத்திருக்கும் அமெரிக்க ஐ.டி. கம்பெனி. வேலை நடப்பது பெரும்பாலும் இங்கே. 2014-ல் சென்னையில் 27 லட்சம் சதுர அடி வளாகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திட்ட அனுமதிக்காகத் தமிழக அரசின் மூத்த அதிகாரி ஒருவர் கட்டுமான நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் கேட்டார் என்றும், காக்னிசன்ட்டின் மேல்மட்டத்திலிருந்து கொடுக்கச் சொல்லி ஒப்புதல் போனது என்றும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் சொன்னது. அந்தக் காசைக் கட்டுமான நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, எந்தத் தலைப்பில்? 'சேஞ்ச் ஆர்டர்'. கட்டடம் கட்டிய எல்லோருக்கும் தெரியும்: ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலைக்கு மேஸ்திரி போடும் எக்ஸ்ட்ரா பில். அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இதையும் பூசி மெழுகியதாகக் குற்றச்சாட்டு. நடக்காத வேலைக்கான பில்லுக்குள் 20 லட்சம் டாலர்.

கம்பெனி தானாகவே முன்வந்து விஷயத்தைச் சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டியது. முன்னாள் தலைவர், தலைமைச் சட்ட அதிகாரி இருவர் மீதும் கிரிமினல் வழக்கு வந்தது. குற்றமற்றவர்கள் என்றே அவர்கள் வாதிட்டார்கள். விசாரணை தொடங்காமல் தள்ளித் தள்ளிப் போனது. 2025 பிப்ரவரி 10-ல் அதிபர் டிரம்ப், இந்த வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் அமெரிக்கக் கம்பெனிகளின் போட்டித் திறனைக் கெடுக்கிறது என்று சொல்லி அதன் அமலாக்கத்தை நிறுத்தி வைத்தார். ஏப்ரலில் அரசே கேட்டுக்கொண்டு அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. கேட்டதாகச் சொல்லப்படும் அதிகாரியின் பெயர் அமெரிக்க ஆவணங்களில் இல்லை. நம்முடைய ஊரில் நடந்ததாகச் சொல்லப்படுவது நமக்குத் தெரிய வந்ததே அமெரிக்காவில் எழுதின காகிதத்தால்தான்.

இந்த மாதிரி வழக்குகளைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டு மேனேஜர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்த ஊர்களில் அப்படித்தான், வேறு வழியில்லை என்று. நான் அதை முழுசாக ஒதுக்கிவிட மாட்டேன். நம் அலுவலகங்களின் லட்சணம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் ஒட்டுக் காகிதம் டாக்காவில் வாங்கியது இல்லை. லீக்டென்ஸ்டைன் கணக்கை வெனிசுலாவின் காராகாஸ்காரர் யாரும் திறந்து தரவில்லை. அபராதம் என்று வந்த கோடிகளில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததும் அமெரிக்க கஜானாவுக்கும் மியூனிக்குக்கும்தான். கூடுதல் விலை கொடுத்தது என்னவோ அர்ஜென்டினாக்காரரும் வங்காளியும்.

நான் பெரிய உத்தமன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பிற்பாடு சென்னையில் ஒரு வெளிநாட்டு இயந்திரக் கம்பெனியின் கிளையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். வருடத்துக்கு ஒருமுறை லஞ்ச ஒழிப்புப் பயிற்சி, கம்ப்யூட்டரிலேயே. கார்ட்டூன் போட்டு, கோட் சூட் போட்ட ஒருவர் கவர் நீட்டுவார், 'இது சரியா, தவறா' என்று கேட்கும். எண்பது மார்க் வாங்கினால் சர்டிஃபிகேட். நான் எப்போதும் நூறு.

ஒரு டிசம்பரில் வாடிக்கையாளருக்கான இயந்திரம் ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஏதோ வகைப்பாட்டுச் சந்தேகம், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், அதிகாரி லீவு. ஒவ்வொரு நாளும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டிருந்தது. தலைமையகத்துக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: நம் கொள்கைகளுக்கு உட்பட்டு, ஏஜென்ட் உரிய முறையில் இதை விரைந்து முடிக்கட்டும். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அதில் எந்தச் சொல்லைப் பிடித்தும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

மூன்றாம் நாள் இயந்திரம் வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரம், துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனாலும் சார் போட்டுத்தான் பேசுவார்.

"சார், பில் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. ரசீது இல்லாத அயிட்டம் ஒண்ணு இருக்கு. உங்க ஹெட் ஆபீஸ்ல கேள்வி வராத மாதிரி எந்தத் தலைப்புல போடட்டும்?"

எவ்வளவு, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே டீக்கடைப் பையன் ஃபிளாஸ்க்கோடு படியேறி வந்துகொண்டிருந்தான்.

"சண்ட்ரீஸ்ல போடுங்க" என்றேன். "ஒரே லைனா வேண்டாம். ரெண்டாப் பிரிச்சுப் போடுங்க."